‘எக்ஸ்பிளாய்ட்’டுக்குத் தமிழ் என்ன: கன்னக்கோலா, நெம்புகோலா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து கணினிப் பாதுகாப்பு பற்றித் தமிழில் ஒரு வலையொலி (பாட்காஸ்ட்) தொடங்கவிருக்கிறோம். ஒருவர் வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் இருக்கிறார். இன்னொருவர், நிறுவனங்கள் கேட்டுக்கொண்டால் அவர்களுடைய மென்பொருளுக்குள் புக முடிகிறதா என்று சோதித்துச் சொல்லும் தோழி. மூன்றாமவர் ஐந்து ரோட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன். முதல் அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டோம்; ஆனால் ஒரே ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது.

அந்தச் சொல் ‘எக்ஸ்பிளாய்ட்’. ‘வல்னரபிலிட்டி’ (மென்பொருளில் இருக்கும் பலவீனம்), ‘எக்ஸ்பிளாய்ட்’ (அந்தப் பலவீனத்தின் வழியே உள்ளே நுழைய எழுதும் நிரல்), ‘அட்டாக்’ (அதைக் கொண்டு நடத்தும் தாக்குதல்) ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்றாலும், தமிழில் பேசும்போது நாம் மூன்றையும் ‘தாக்குதல்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு எங்கள் முதல் அத்தியாயத்தின் கதையையே சொல்கிறேன். விண்டோஸில் கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி நெறிமுறையின் பழைய பதிப்பில் இருந்த ஒரு கோளாறைச் சரிசெய்து மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட கூட்டத்தார், அதே கோளாறின் வழியே நுழைவதற்காக அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி வைத்திருந்த ‘எடர்னல்புளூ’ என்ற நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டார்கள். கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் ‘வான்னாகிரை’, அதே எடர்னல்புளூவைத் தனக்குள் வைத்துக்கொண்டு மே 12 அன்று உலகெங்கும் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் வரை நிலைகுலையச் செய்தது.

மார்ச் மாதம் சரிசெய்யப்பட்டது ஒன்று, ஏப்ரலில் வெளியே வந்தது இன்னொன்று, மே மாதம் நடந்தது மூன்றாவது. திருத்தம் வந்த நாளுக்கும் வான்னாகிரை வந்த நாளுக்கும் இடையில் 59 நாள் இருந்தது. அதற்குள் திருத்தத்தை நிறுவிக்கொண்ட கணினிகளில் அந்த வழியாக அது நுழைய முடியவில்லை. இந்த 59 நாளைக் கேட்பவர் மனத்தில் பதியவைப்பதற்காகவே அத்தியாயத்தை எழுதினோம். மூன்றுக்கும் ஒரே சொல் என்றால், “மார்ச்சில் தாக்குதலைச் சரிசெய்தார்கள், ஏப்ரலில் தாக்குதல் கசிந்தது, மே மாதம் தாக்குதல் தாக்கியது” என்றுதான் பேச வேண்டியிருக்கும்.

‘வல்னரபிலிட்டி’க்கு ‘ஓட்டை’ என்றே முடிவு செய்துவிட்டோம். சிலர் எழுதும் ‘பாதிப்பு’ நடந்து முடிந்த கெடுதலைக் குறிப்பது. ஓட்டையோ யாருக்கும் ஒன்றும் நேராமலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். ‘ஊறுபடுநிலை’ போன்ற ஆக்கங்கள் காகிதத்தில் கம்பீரமாக நிற்கின்றன, பேச வாயெடுத்தால் இடறுகின்றன. பட்டறைக்காரரிடம் “உங்க சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்குங்க” என்றால் மறுகேள்வி இல்லாமல் புரிந்துகொள்கிறார்.

‘எக்ஸ்பிளாய்ட்’டுக்கு அகராதியைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது ‘சுரண்டல்’. அதைச் சொன்னவுடன் தொழிற்சங்கத்தின் வாயிற்கூட்டம்தான் கண்முன் வருகிறது. ‘துளைப்பான்’ என்று வங்கி நண்பர் சொன்னார். ஆனால் எக்ஸ்பிளாய்ட் புதிதாகத் துளை போடுவதில்லை, ஏற்கெனவே இருக்கும் ஓட்டையைத்தான் தேடிப் போகிறது. ‘ஊடுருவி’ என்றால் நுழைந்த ஆளையா, நுழைய உதவிய நிரலையா, எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாக இல்லை.

எங்களுடையது காதால் கேட்கும் ஊடகம் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். ஓட்டையைச் சரிசெய்ய வெளியிடும் திருத்தமான ‘பேட்ச்’ என்பதற்கு ‘ஒட்டு’ என்று எழுதி மகிழ்ந்திருந்தோம். “தாமதிக்காமல் உங்கள் கணினிக்கு ஒட்டுப் போடுங்கள்” என்ற பதிவைக் கேட்ட கடைக்கார நண்பரின் அம்மா, இப்போது எதற்குத் தேர்தல் என்று கேட்டார். (நெடுநாள் புழங்கிய ‘கடவுச்சொல்’லையே என் அத்தை இன்றும் ‘கடவுள் சொல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்பதால் அவருக்கு அதில் முரண்பாடு ஏதும் தோன்றவில்லை.) ஆகவே எழுத்தில் அழகாக இருப்பதோடு, ஒலிவாங்கியின் முன் சொன்னாலும் வேறொன்றாகக் கேட்காத ஒரு சொல்லைத் தேடித் தாருங்கள்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

—

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மடலைக் காலையில் படித்தேன். மாலை வரை வேறு வேலை ஓடவில்லை. பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், கணினி விவகாரத்தில் பிழை இருந்தால் நீங்கள் திருத்துங்கள்.

நீங்கள் தேடும் சொல் தமிழில் முன்பே இருக்கிறது: கன்னக்கோல். மண்சுவர் வீடுகளின் காலத்தில் தொழில் தெரிந்த திருடன் கதவின் பக்கமே போகமாட்டான். மழையில் ஊறி இளகிய இடம் எது, உள்ளே பெட்டி இருக்கும் அறை எது என்று பகலில் நோட்டம் பார்த்துவிட்டு, இரவில் ஓசைப்படாமல் சுவரைக் குடைந்து ஆள் நுழையும் அளவுக்கு வழி செய்துகொள்வான். அந்தத் துளைக்குக் கன்னம் என்று பெயர். அதைப் போடுவது கன்னமிடுதல் அல்லது கன்னம் வைத்தல். அதற்கான இரும்புக் கருவி கன்னக்கோல். இளகிய இடம் வேறு, கருவி வேறு, களவு வேறு என்று நம் முன்னோர் பிரித்தே வைத்திருக்கிறார்கள். மேலும், ஒரு வீட்டுக்குச் செய்த கன்னக்கோல் அதே மாதிரிச் சுவர் உள்ள எந்த வீட்டுக்கும் ஆகும். ஒருவன் செய்ததை இன்னொருவன் வாங்கிக்கொண்டும் போகலாம். நீங்கள் சொன்ன ஏப்ரல் மாதக் கதை அதுதானே?

கன்னம் என்றால் முகத்தின் கன்னம் அல்லவா என்று இளைஞர்கள் சிரிப்பார்கள். கால் என்பது உடம்பின் உறுப்பாகவும் நான்கில் ஒரு பங்காகவும் காற்றாகவும் இருந்தும் தமிழன் தடுமாறவில்லை. தவிர, ‘கோல்’ என்று முடியும் கருவிப் பெயர்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. அளவுகோல், எழுதுகோல், திறவுகோல், தூண்டுகோல், நெம்புகோல் என்ற வரிசையில் கன்னக்கோலும் இயல்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாகச் சொல் செய்வதைவிடத் தூங்கிக்கொண்டிருக்கும் சொல்லை எழுப்புவதே மேல் என்பது என் கட்சி.

பதிவு செய்ய அமைதியான இடம் கிடைக்கவில்லை என்று நண்பர் ஒருவர் தனியாக எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பொறுத்துக்கொண்டால், காப்பித் தோட்டத்து ஓரமாக உள்ள எங்கள் வீட்டில் மழை பெய்யாத வரை எந்தச் சத்தமும் இராது.

வாழ்த்துகளுடன்,
ஏற்காட்டிலிருந்து

—

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

ஞாயிறன்று ஐயாவின் வீட்டில் பதிவு செய்து பார்த்தோம். அம்மாபேட்டையில் தோழியின் வீட்டில் எடுத்த முந்தைய பதிவில், சன்னலுக்கு ஜமக்காளம் கட்டியும் விசைத்தறியின் சத்தம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தாளம் போட்டிருந்தது. மலையில் அந்தத் தொல்லை இல்லை. பதிவைவிட அங்கே நடந்த சொல் விவாதம்தான் நெடுநேரம் நீண்டது. அதைக் குழுமத்துக்கும் தெரிவிக்கிறேன்.

கன்னக்கோலைக் கேட்டதும் எனக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. தோழிதான் மறுத்தார். “நான் மாதத்தில் நாலு எக்ஸ்பிளாய்ட் எழுதுகிறேன். ஓட்டை இருக்கிறது என்று வாயால் சொன்னால் எந்த நிறுவனமும் நம்புவதில்லை, உள்ளே போய்க் காட்டினால்தான் நம்புகிறார்கள். நான் எழுதுவதற்குக் கன்னக்கோல் என்று பெயர் வைத்துவிட்டு, என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?” என்று அவர் கேட்டபோது ஐயாவே சற்று நேரம் பேசாமல் இருந்தார். சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினியில் நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. அச்செயலையே நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. அனுமதி உண்டா, நோக்கம் என்ன என்பவற்றை வைத்தே அந்தப் பிரிவுகள் குற்றத்தைத் தீர்மானிக்கின்றன. அப்படியிருக்கக் கருவியின் பெயரிலேயே நாம் திருட்டை எழுதி வைப்பது முறையாகாது.

அப்போதுதான் சென்ற மாதம் எங்கள் தெருவில் பார்த்த ஒன்றைச் சொன்னேன். கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் ஷட்டர் சாவியைத் தொலைத்துவிட்டு, பூட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூட்டுக்காரர் பூட்டைத் தொடவே இல்லை. குனிந்து, ஷட்டரின் அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இருந்த சந்தைத் தடவிப் பார்த்தார். சிமெண்டு பெயராமலிருக்கச் சாக்கை மடித்துப் போட்டு, பட்டையான இரும்புக் கம்பியைச் செருகி, “இந்த எடத்துல ஒரு நெம்பு நெம்புனா போதுங்க” என்றார். அதே போலக் கொக்கி கழன்று ஷட்டர் மேலே ஏறியது. புதுப் பூட்டு மாட்டிய பிறகும் அவர் உடனே கிளம்பவில்லை. அந்தச் சந்தைக் காட்டி, “இதுக்கு ஒரு ஆங்கிள் வச்சு வெல்டு பண்ணிருங்க. நான் நெம்புன மாதிரி எவன் வேணா நெம்பலாமுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் கூலியை வாங்கினார். தோழி இதைக் கேட்டுவிட்டு, தன் வேலை இதுதான், தான் எழுதும் அறிக்கையின் கடைசிப் பத்தியும் இதுதான் என்றார்.

ஆகவே நெம்புதல் என்ற வினையைப் பிடித்துக்கொண்டோம். பூட்டுக்காரரும் நெம்புவார், திருடனும் நெம்புவான். எந்தச் சந்தும் இல்லாத இடத்தில் இருவராலும் நெம்ப முடியாது. செயலி, உலாவி என்பவற்றின் வழியில் முதலில் ‘நெம்பி’ என்று வைத்துப் பார்த்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பதிவைத் திரும்பப் போட்டபோது, “அந்த நெம்பியை அனுப்பினார்கள்” என்பது அடுத்த அறையிலிருந்து கேட்ட ஐயாவின் துணைவியாருக்கு “அந்த நம்பியை அனுப்பினார்கள்” என்று விழுந்தது. நம்பி யாருடைய பையன் என்று விசாரித்துக்கொண்டே அவர் காப்பி கொண்டு வந்தார். எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று வாரந்தோறும் பேசப் போகிற நிகழ்ச்சிக்கு அந்தச் சொல் ஆகாது.

மிஞ்சியது, ஐயாவின் வரிசையில் கடைசியாக நின்ற நெம்புகோல். பள்ளி அறிவியல் பாடத்தில் எல்லாரும் படித்த சொல். சிறு விசையால் பெரிய பாரத்தைக் கிளப்புவது என்ற பொருளும் இங்கே ஒத்துவருகிறது. பொருந்தாத இடமும் உண்டு என்பதை மறைக்கவில்லை. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் போய்வரும் தகவல்களை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் குறிப்பிட்ட சில பதிப்புகள் இயங்கிய வழங்கியிடம் (சர்வர்), சில எழுத்துகளை மட்டும் கொடுத்துவிட்டு, நான் தந்தது 64 கிலோபைட், அதை அப்படியே திருப்பித் தா என்று கேட்டால், அது நீளத்தைச் சரிபார்க்காமல் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த மற்றவர்களின் இரகசியங்களையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். அங்கே எதையும் நெம்பவில்லை. கடைக்காரரை ஏமாற்றிக் கூடுதல் சில்லறை வாங்கியது போலத்தான். இருந்தாலும், உவமை பத்தில் எட்டு இடத்தில் பொருந்தினால் சொல்லை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆங்கிலச் சொல்லும் அங்கே இதைவிட நன்றாகப் பொருந்திவிடவில்லை.

கன்னமிடுதலை நாங்கள் கைவிடவில்லை. அனுமதியின்றி நுழைந்து தரவைக் களவாடும் செயலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறோம். அங்கே திருட்டு என்ற பொருள் வரத்தான் வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பதற்கும் கணினிகளை முடக்குவதற்கும் ‘தாக்குதல்’ இருந்துவிட்டுப் போகட்டும். ஐயா இதற்கு உடன்பட்டார். கன்னக்கோலை விட்டுக்கொடுத்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது என்பதை வாசல் வரை வந்து வழியனுப்பியபோது புரிந்துகொண்டேன்.

முதல் அத்தியாயத்தின் அந்தப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது: “மார்ச் மாதம் ஓட்டையை அடைத்தார்கள். ஏப்ரலில் அந்த ஓட்டைக்கான நெம்புகோல் எல்லார் கைக்கும் கிடைத்தது. மே மாதம், அடைக்காமல் விட்டிருந்த கணினிகளின் மேல் தாக்குதல் நடந்தது.” வருகிற ஞாயிறன்று இதைப் பதிவு செய்கிறோம்.

‘பேட்ச்’ மட்டும் இன்னும் தீரவில்லை. ஓட்டையை அடைப்பதால் ‘அடைப்பு’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறோம். ஆனால் “உங்கள் கணினிக்கு அடைப்பு வந்திருக்கிறது” என்று சொல்லிப் பார்த்தபோது, நால்வருக்கும் இதய மருத்துவர்தான் நினைவுக்கு வந்தார். வேறு நல்ல சொல் தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து