புதுப்பிப்பு: சயனோடைப் நீலம் தண்ணீரில் வெளிறியது

போன தடவை கேட்டது இதுதான்: வீட்டில் கலந்த சயனோடைப் (தாளில் பூசி வெயில் காட்டினால் நீலப் படம் தரும் அச்சுமுறை) கரைசலில் அச்சு வெயிலில் நன்றாக வருகிறது, ஆனால் கழுவும்போது நீலம் வெளிறிப்போகிறது. கரைசலில்தான் கோளாறு என்று பலரும் சொன்னீர்கள்.

கரைசல் சரியாகவே இருக்கிறது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25%, பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10%, சம அளவு. அதே கலவையை வேறொரு தாளில் பூசியதும் ஆழமான நீலம் அப்படியே நின்றது. குற்றவாளி முதலில் பயன்படுத்திய தாள்! நாள்பட மஞ்சளாகாமல் இருக்க அதில் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள், அந்தக் காரத்தன்மை அச்சின் நீல நிறமியான பிரஷ்யன் நீலத்தைச் சிதைத்துவிடும். தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அதுதான்.

இப்போது அந்தத் தாளை 10% சல்ஃபாமிக் அமிலத்தில் நுரை அடங்கும்வரை ஊறவைத்து, அலசி, காயவைத்த பிறகே பூசுகிறேன், கையுறை கட்டாயம். முதல் கழுவல் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் சேர்த்தால் நடுச்சாயல்களும் (அடர் நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்டவை) அழகாகத் தங்குகின்றன.

அப்புறம், சிட்ரேட் கரைசலில் பூஞ்சை வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அது சகஜம், காபி வடிதாளில் வடிகட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். இரண்டு கரைசலையும் தனித்தனிப் பழுப்புப் புட்டிகளில் வையுங்கள், கலந்தது அதிக நாள் தாங்காது.