ஸ்டென்சில், மாஸ்க், ஓவர்ஸ்பிரே: ஆர்கேட் பெட்டி ஓவியத்துக்கு என்ன சொற்கள்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ஆர்கேட் பெட்டியை (காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி) சீர்செய்து, அதன் பக்கவாட்டில் ஸ்டென்சில் (உருவம் வெட்டிய அட்டை அல்லது படலம்) வைத்து ஓவியம் தீட்டுவதைப் பற்றித் தமிழில் எழுதப்போகும் நண்பருக்காகத் தொடங்கிய இழை இது. இதுவரை வந்த மடல்களைப் படித்தேன். ஸ்டென்சிலுக்கு அச்சுத்தகடு, துளைத்தாள், படியச்சு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

அச்சு என்றாலே அழுத்திப் பதிப்பதும் உருக்கி வார்ப்பதும்தான் மனதில் வரும். ஸ்டென்சிலில் அழுத்தும் வேலையே கிடையாது. வெட்டிய இடைவெளி வழியாக நிறம் போய், அடியில் இருக்கும் பலகையில் படிகிறது. அச்சுத்தகடு என்று எழுதினால், முதன்முறை படிக்கிறவர் தகட்டில் பெயிண்டைத் தடவிப் பலகையில் ஒற்ற வேண்டும் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். தாள், தகடு என்பவையும் சொல்லை ஒரே பொருளுக்குள் கட்டிப்போடுகின்றன. அட்டை, உலோகம், வினைல் படலம் எதில் வேண்டுமானாலும் ஸ்டென்சில் வெட்டலாமே. துளை என்பது அளவில் சிறியது. பெட்டியின் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஓர் உருவத்தைத் துளை என்று சொல்ல வாய் வரவில்லை.

என் பரிந்துரை: வெட்டுரு. எழுத்துருவும் (ஃபான்ட்) வார்ப்புருவும் (டெம்ப்ளேட்) நம் கணினித் தமிழில் நன்றாகவே பழகிவிட்டன. அதே குடும்பத்தில் இதுவும் உட்காரும். வெட்டுரு ஓவியம், மூன்று நிற வெட்டுரு, வெட்டுருவை உரி, வெட்டுருவை ஒட்டு என்று எந்தப் பக்கம் திருப்பினாலும் முரண்டு பிடிக்காது.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். வெட்டுரு என்றால் வெட்டி எடுத்த உருவம், அதாவது கட்-அவுட் என்று பொருள்படாதா? படலாம். ஆனால் கட்-அவுட்டுக்கு அந்தச் சொல்லே தமிழில் ஊன்றிவிட்டது. அதை யாரும் வெட்டுரு என்று அழைப்பதில்லை. காலியாக இருக்கும் இடத்தில் நாம் போய் உட்காருவதில் தவறில்லை.

அடுத்து மாஸ்க். இதையும் ஸ்டென்சிலையும் ஒரே சொல்லால் முடித்துவிடலாம் என்று ஒரு மடலில் இருந்தது. அது கூடாது. நிறம் எங்கே விழ வேண்டும் என்று காட்டுவது வெட்டுரு. நிறம் எங்கே விழக்கூடாது என்று காப்பது மறைப்பு. பெட்டியின் முன்பக்கத்தைக் காகிதத்தால் மூடி டேப் ஒட்டுகிறோமே, அது மறைப்பு மட்டும்தான். அதில் உருவம் எதுவும் இல்லை. இன்று சீரமைப்பவர்கள் வாங்கும் பசை தடவிய வினைல் படலம் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கிறது, குழப்பமே அதனால்தான் வருகிறது. அதை ஒட்டு வெட்டுரு என்று சொல்லிவிட்டால் போதும். பசை இல்லாமல், பலகையின் மேல் வைத்துப் பிடித்து அடிப்பதை வை வெட்டுரு எனலாம். காதுக்குச் சரியாக இல்லை என்றால் பசையற்ற வெட்டுரு.

இப்படிப் பிரித்துச் சொல்வது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, ஓவியம் எந்த முறையில் ஏறியது என்பதில்தான் பெட்டியின் முகமே மாறுகிறது. மிட்வே நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட 1978ஆம் ஆண்டு ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெட்டியிலும், 1980ஆம் ஆண்டின் மஞ்சள் நிறப் பேக்மேன் பெட்டியிலும் பக்க ஓவியம் தொழிற்சாலையிலேயே வெட்டுரு வைத்து ஸ்பிரே அடித்தது. நின்டெண்டோவின் 1981ஆம் ஆண்டு டாங்கி காங் பெட்டியில் இருந்தது ஸ்டிக்கர். அருகே போய்ப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஸ்டிக்கரின் விளிம்பு கத்தியால் கீறினாற்போல் இருக்கும். ஸ்பிரே அடித்த ஓவியத்தின் விளிம்பில், நிறம் சட்டென்று நிற்காமல் பொடிப்பொடியான புள்ளிகளாகக் கரைந்து அடிநிறத்துக்குள் போயிருக்கும். சில இடங்களில் கோடு கூர்மையாக, ஒரு சாண் தள்ளி அதே கோடு மங்கலாக. வெட்டுரு பலகையோடு ஒட்டி உட்கார்ந்த இடமும், கொஞ்சம் தூக்கி நின்ற இடமும் அப்படியே பதிவாகியிருக்கின்றன.

அந்த மென்மையான பரவலுக்குத்தான் ஆங்கிலத்தில் ஓவர்ஸ்பிரே என்கிறார்கள். மிகைத்தெளிப்பு என்ற பரிந்துரை இந்த இழையிலேயே வந்திருக்கிறது. அதைத் தயவுசெய்து கைவிடுங்கள். மிகை என்றதும் அளவு தாண்டிவிட்டது, திருத்த வேண்டும் என்ற தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பழைய பெட்டியைப் பொறுத்தவரை அது வேலை நடந்த விதத்துக்குச் சான்று. அதைப் பிழை என்று சொல்லும் ஒரு சொல்லைக் கையில் கொடுத்தால், அடுத்து சீரமைப்பவர் மணல்தாளை எடுத்து அதைத்தான் முதலில் தேய்ப்பார்.

தமிழில் இதற்கு ஒரு சொல் தயாராகவே இருக்கிறது: சாரல். கூரை இருந்தும், மழை காற்றோடு சாய்ந்து திண்ணை ஓரம்வரை வந்து நனைப்பதைச் சாரல் அடிக்கிறது என்கிறோம். இங்கேயும் அதே கதைதான். மறைவு இருக்கிறது, அதன் விளிம்பைத் தாண்டி நுண்துளிகள் சாய்ந்து போய் விழுகின்றன. வண்ணச்சாரல் என்று வைத்துக்கொள்ளலாம். சாரல் அடித்த விளிம்பு, சாரல் இல்லாத விளிம்பு என்று வினையோடும் பெயரோடும் தானாகச் சேர்கிறது. வேண்டாத இடத்தில் விழுந்தால் மட்டும் சாரல் பட்டுவிட்டது என்று குறை சொல்லிக்கொள்ளலாம். நல்லது கெட்டது இரண்டுக்கும் இடம் கொடுக்கும் சொல் இது.

சாரலையும் கசிவையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கசிவு என்பது ஈரப் பெயிண்ட் வெட்டுருவின் விளிம்புக்கு அடியில் ஊர்ந்து போவது. அதற்குக் காரணமும் வேறு, மருந்தும் வேறு. ஒரே பூச்சில் தடிமனாக அடித்தால் கசியும். படலத்தை விளிம்புவரை தேய்த்து ஒட்டாவிட்டாலும் கசியும். இதற்குக் கைகண்ட ஒரு வழி உண்டு. ஒட்டு வெட்டுருவை ஒட்டியதும், முதலில் அடிநிறத்தையே அதன் விளிம்புகளின் மேல் மெல்லியதாக அடித்துக் காயவிட வேண்டும். கசிவது எதுவானாலும் அடிநிறமாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஓவிய நிறத்தை இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக, பலகைக்கு நேர் எதிரே நின்று அடித்தால் விளிம்பு கச்சிதமாக வரும். இந்த முதல் பூச்சுக்கு அடைப்புப் பூச்சு என்று பெயர் வைக்கலாம். அடிநிறத்துக்கு முன் பலகையில் பூசும் பிரைமரை அப்படி அழைக்க வேண்டாம். அதற்கு முன்பூச்சு இருக்கட்டும், பிரைமர் என்றே எழுதினாலும் எனக்கு வருத்தம் இல்லை.

உரிப்பதைப் பற்றி எழுதும்போது நண்பர் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். கடைசிப் பூச்சு தொட்டால் ஒட்டாத, ஆனால் இன்னும் இறுகாத நிலையில் படலத்தை எடுக்க வேண்டும். முற்றிலும் காய்ந்தபின் எடுத்தால் பெயிண்டும் படலமும் ஒரே தோலாகி, விளிம்பு பல்பல்லாகக் கிழியும். நேராகத் தூக்காமல், படலத்தை அதன் மேலேயே மடித்து, பலகையோடு படிந்தாற்போல் மெதுவாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். அடிநிறம் நன்றாக இறுகும் முன்பே வெட்டுருவை ஒட்டியிருந்தால், உரிக்கும்போது அதுவும் சேர்ந்து பெயர்ந்து வரும். நாள் கணக்கில் காத்திருக்க வேண்டிய கட்டம் அது. அடிநிறம் பெயர்ந்து பலகை தெரிந்ததைப் பார்த்தவர்களுக்குப் பெயர்வு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஸ்டென்சிலில் ஐலண்ட், பிரிட்ஜ் என்ற இரண்டைத் தீவு, பாலம் என்று மாற்றியிருந்தார்கள். புரிகிறது, ஆனால் அந்நியமாக இருக்கிறது. ண, ன போன்ற எழுத்துகளை வெட்டிப் பாருங்கள். சுழிக்குள் இருக்கும் துண்டு பிடிமானம் இல்லாமல் கீழே விழும். அதை உள்துண்டு என்றும், விழாமல் இருக்க விட்டுவைக்கும் மெல்லிய பட்டையைப் பிடி என்றும் சொல்லலாமே. ஒட்டு வெட்டுருவில் உள்துண்டு தானே பலகையில் ஒட்டிக்கொள்ளும், பிடி தேவையில்லை. பசையற்றதில் பிடி வைத்தே ஆக வேண்டும். பிடி விட்ட இடம் ஓவியத்தில் சிறு வெட்டுக் கோடாகத் தெரியும்.

மற்றவை சுருக்கமாக. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வெட்டுரு என்பதால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவைக்கும் அடையாளத்துக்குப் பொருத்தக்குறி. பக்க ஓவியம், அடிநிறம், விளிம்புப் பட்டை ஆகியவற்றில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்காது. ஆர்கேட் என்பதை மொழிபெயர்க்க வேண்டாம், ஆர்கேட் பெட்டி போதும்.

மணல்தாள் போடும் முன்பு பழைய ஓவியத்தின் மேல் ஒளிபுகும் படலத்தை விரித்துக் கோடுகளை வரைந்து எடுத்துவைப்பார்கள் அல்லவா, அந்தப் பிரதிக்கு ஒருவர் புனையா ஓவியம் என்று எழுதியிருந்தார். நெடுநல்வாடையில் வரும் தொடர். வண்ணம் தீட்டாத ஓவியம் என்ற பொருளும் பொருந்துகிறது. மனதுக்கு மிகவும் பிடித்தது. என்றாலும் பட்டறையில் கைமாறும் ஒரு தாளுக்கு அது கனமான பெயர். கோட்டுரு என்று வைத்தால் கோட்டுருவிலிருந்து வெட்டுரு என்று வேலையின் வரிசையே சொல்லில் வந்துவிடும்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பழைய பெயிண்டைத் தேய்த்து, புட்டி வைத்து, புது அடிநிறம் பூசிய பிறகும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பழைய ஓவியத்தின் விளிம்பு மெல்லிய மேடாக எழுந்து நிற்கும். விரலை ஓட்டினால் தட்டுப்படும். ஆங்கிலத்தில் கோஸ்ட் என்கிறார்கள். பேய், ஆவி எல்லாம் இங்கே ஒட்டாது. சுவடு என்று யோசித்தேன், ஆனால் சுவடு பள்ளமாக அல்லவா இருக்கும்? தழும்பு என்றால் மேடு என்பது வந்துவிடுகிறது, ஆனால் காயம் பட்டது போன்ற பொருள் கூடவே வருகிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். வெட்டுரு, வண்ணச்சாரல் இரண்டுக்கும் மறுப்பு இருந்தாலும் அப்படியே.

அன்புடன்