மகளின் முகப்பரு: வயிறுதான் காரணமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
மகளுக்கு 16 வயது. மலச்சிக்கல் உண்டு, தாடை முழுக்கப் பரு. பேதி மருந்து கொடுத்தால் முகம் தெளியும் என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

ராயபுரம்:
வேண்டாம் அக்கா. நீர்ச்சத்துதான் போகும், பரு போகாது. குடல் நுண்ணுயிர்களுக்கும் தோல் அழற்சிக்கும் தொடர்பு உண்டு, ஆனால் பருவுக்கு ஹார்மோனும் எண்ணெய்ச் சுரப்பியும்தான் முதல் காரணம். ரோஸ்மில்க், பேக்கரி பன் மாதிரி ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுபவற்றைக் குறையுங்கள். என் தம்பிக்கு அதுதான் உதவியது. மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா, நிறையத் தண்ணீர். பீச் ஸ்டேஷன் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) எப்போதாவது என்றால் பரவாயில்லை.

பெரம்பூர்:
மாதவிடாய் தள்ளிப்போகிறதா? அப்படியானால் பிசிஓஎஸ் (பருவையும் உண்டாக்கும், சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது.

தண்டையார்பேட்டை:
ஆமாம், தள்ளித்தான் போகிறது. சரி, இந்த வாரமே கூட்டிப்போகிறேன்.