டிப்ளாய் செய்த (புதுப் பதிப்பை ஏற்றிய) பிறகு 502 எரர், காலைச் சந்தைக்குள் சைட் எழும்ப வேண்டும்

தோவாளைக்காரன், இரவு 11:40

தோவாளை பூச்சந்தையின் அன்றாட விலையைப் போடும் சின்ன சைட் ஒன்றை நடத்துகிறேன். பிச்சி, மல்லி, கேந்தி, வாடாமல்லி எல்லாம் கிலோ என்ன விலை போகிறது என்று மாமா சந்தையில் நின்றுகொண்டே போனில் ஏற்றுவார், வடசேரி, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துப் பூக்கடைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார்கள். ஓணம் சீசனில் அத்தம் பிறந்துவிட்டால் திருவோணம் வரை கேரளா வியாபாரிகளும் வந்துவிடுவார்கள், அதற்குள் மலையாளப் பக்கத்தையும் சேர்த்துவிட வேண்டும் என்று இன்று ராத்திரி புதுப் பதிப்பை ஏற்றினேன்.

உபுண்டு சர்வர், ராம் 1 ஜிபி. முன்னால் வெளியிலிருந்து வருவதை வாங்கி ஆப்புக்கு அனுப்பும் எஞ்சின்எக்ஸ் (nginx), பின்னால் ஆப்பைக் கிளப்பிக் கண்காணிக்கும் பிஎம்2வில் (PM2) ஓடும் நோட் (Node.js) ஆப், போர்ட் 3000. டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லும் அதே சர்வரில்தான். புதுக் கோடை இறக்கும் கிட் புல், அதற்கு வேண்டிய மாட்யூல்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் இரண்டும் சரியாகப் போயின, கோடை ஓடுகிற வடிவத்துக்கு மாற்றும் என்பிஎம் ரன் பில்டு மட்டும் பாதியில் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டது. இரண்டாம் தடவையும் அதேதான். சரி, பழைய கமிட்டுக்கே (கிட்டில் முன்பு சேமித்த கோடுக்கே) போய்விடுவோம் என்று திரும்பினால் அப்போதும் 502. எஞ்சின்எக்ஸை நாலு தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். பிஎம்2 ரீஸ்டார்ட் கொடுத்தால் 'ஆன்லைன்' என்று பச்சையாகத்தான் காட்டுகிறது. விடியும் முன்னே சந்தை கூடிவிடும், யாராவது வழி சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் சர்வர், இரவு 11:58

தம்பி, எஞ்சின்எக்ஸை விட்டுவிடு, அதில் கோளாறு இல்லை. 502 பக்கத்தைக் காட்டுவதே அதுதான், தனக்குப் பின்னால் இருக்கிற ஆப் சரியான பதில் தரவில்லை என்று சொல்கிறது. அதன் எரர் லாக்கைத் திறந்தால் '111 கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று கிடக்கும். அந்தப் பச்சை எழுத்தையும் நம்பாதே, பிஎம்2 கிளப்பிவிட்ட நொடியில் அப்படித்தான் காட்டும். பத்து நொடி கழித்து பிஎம்2 லிஸ்ட் போட்டுப் பார், ரீஸ்டார்ட் எண்ணிக்கை ஏறியிருக்கும், நிலை 'எரர்டு' ஆகியிருக்கும். அப்புறம் பிஎம்2 லாக்ஸ் போட்டு கடைசி இருபது வரியை இங்கே ஒட்டு.

'கில்டு' என்று வந்தது லினக்ஸின் மையமான கெர்னலின் வேலையாகத்தான் இருக்கும். 1 ஜிபியில் மைஎஸ்க்யூஎல்லும் ஆப்பும் ஓடும்போதே பில்டையும் விட்டால் ராம் தீர்ந்துவிடும், உடனே கெர்னல் பெரிதாகத் தின்கிற புராசஸ் ஒன்றைப் பிடித்துக் கொன்றுவிடும். கெர்னல் லாக்கைக் காட்டும் டிமெசேஜ் (dmesg -T) போட்டால் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி நேரத்தோடு இருக்கும்.

தோவாளைக்காரன், இரவு 12:09

அண்ணே, நீங்கள் சொன்ன வரி அப்படியே இருக்கிறது, இரண்டு தடவையும் நோடைத்தான் கொன்றிருக்கிறது. பிஎம்2 லாக்கில் 'கேனாட் ஃபைண்ட் மாட்யூல்', அதன் பக்கத்தில், பில்டு எழுதிவைக்கும் டிஸ்ட் ஃபோல்டரில் இருக்கவேண்டிய சர்வர் ஃபைலின் பெயர். பழைய கமிட்டில் அது எப்படி இல்லாமல் போகும்?

தக்கலை அக்கா, இரவு 12:15

டிஸ்ட் ஃபோல்டர் கிட்டில் இருக்காது தம்பி, கிட் சேர்க்காமல் விடவேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் போட்டிருப்பீர்கள். பில்டு தொடங்கும்போது பழைய டிஸ்ட்டைத் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுதும், துடைத்த பிறகு கெர்னல் கொன்றுவிட்டது, அதனால் இப்போது பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எந்தக் கமிட்டுக்குப் போனாலும் அது திரும்பி வராது. எனக்கும் ஒரு பள்ளிக்கூட ரிசல்ட் சைட்டில் இதேதான் நடந்தது, அன்றைக்குப் பிறகு ஓடுகிற சர்வரில் நான் பில்டு போட்டதே இல்லை.

இப்போதைக்கு உங்கள் லேப்டாப்பில் பழைய கமிட்டை எடுத்து, சர்வரில் இருக்கிற அதே நோட் பதிப்பில் பில்டு செய்து, டிஸ்ட்டை மட்டும் ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க்கில் (rsync) ஏற்றுங்கள். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், விண்டோஸில் கம்பைல் ஆன மாட்யூல் லினக்ஸில் ஓடாது. ஆனால் கமிட் மாற்றியதால் சர்வரில் அந்தக் கமிட்டுக்கு உரிய மாட்யூல்களை மறுபடி நிறுவும் என்பிஎம் சிஐ ஒரு தடவை போட்டுவிடுங்கள். பிறகு சர்வரிலேயே கர்ல் (curl) கட்டளையை வைத்து 3000 போர்ட்டைத் தட்டிப் பாருங்கள், அங்கே 'சரி' என்று பொருள்படும் 200 வந்தால் வெளியேயும் வந்துவிடும்.

மார்த்தாண்டம் சர்வர், இரவு 12:31

அக்கா சொன்னதுதான் சரி. ராம் போதாதபோது டிஸ்க்கில் இடம் எடுத்துக்கொள்ள 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் ஒன்றும் போட்டுவை தம்பி, /etc/fstab ஃபைலில் வரி சேர்க்க மறக்காதே, இல்லையென்றால் அடுத்த ரீபூட்டில் ஸ்வாப் இருக்காது. அதைப் போட்டாயிற்றே என்று மறுபடி அங்கே பில்டு செய்துவிடாதே, டிஸ்க்கில் எழுதி எழுதி சைட்டே நகராது.

ஓணம் முடிந்ததும் ஒழுங்காக ஒன்று செய். ரிலீசஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் தேதி போட்ட தனி ஃபோல்டர், ஓடவேண்டியதைக் காட்ட 'கரண்ட்' என்று ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு). இன்று மாதிரி ஆனால் சிம்லிங்க்கைப் பழைய ஃபோல்டருக்குத் திருப்பி ஆப்பை ரீஸ்டார்ட் செய்தால் போதும். சில நேரம் பிஎம்2 முந்தைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும், அப்போது டெலிட் கொடுத்து மறுபடி ஸ்டார்ட் செய். பாஸ்வேர்டு மாதிரி செட்டிங்குகள் இருக்கிற என்வ் (.env) ஃபைலை இந்த ஃபோல்டர்களுக்கு வெளியே வைத்து இணைத்துக்கொள்.

தோவாளைக்காரன், அதிகாலை 2:20

எழும்பிவிட்டது! கர்ல் 200 காட்டியதும் கை நடுங்கிவிட்டது. மாமாவை எழுப்பிச் சொல்லிவிட்டேன், மல்லி விலையை வழக்கம்போல ஏற்றலாம் என்று. மலையாளப் பக்கத்தை அந்த ரிலீசஸ் ஃபோல்டரைச் செய்த பிறகுதான் தொடுவேன். அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

தக்கலை அக்கா, காலை 6:05

சைட்டைப் பார்த்தேன், இன்றைய பிச்சி விலை வந்திருக்கிறது, சந்தோஷம். இன்னும் ஒன்று, மாமா விலை ஏற்றும் ஒவ்வொரு தடவையும் அதே பட்டியலை ஒரு எச்டிஎம்எல் ஃபைலாகவும் எழுதி வைத்து, எஞ்சின்எக்ஸில் எரர் பேஜ் 502க்கு அதைக் கொடுத்துவிடுங்கள். மேலே ஏற்றிய நேரம் தெரிகிற மாதிரி போடுங்கள். ஆப் விழுந்தாலும் கடைக்காரருக்குக் கடைசியாக ஏற்றிய விலையாவது தெரியும்.