கடனை அடைக்கிறதா, இப்பவே வாழ்றதா? மனைவியோட பல் வலிக்கு அப்புறம் குழம்பிப் போயிருக்கேன்

மொட்டைமாடி:

வணக்கம். எங்க வீட்டுக் கடன் 20 வருஷத்துக்கு எடுத்தது, வட்டி 9 சதவீதம். முதல் நாலு வருஷம் இஎம்ஐ தானா போய்க்கிட்டிருந்துச்சு, நானும் கண்டுக்கல. ஒரு நாள் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வச்சுப் பாத்தா, 48 தவணை கட்டியும் அசல்ல 9 சதவீதம்கூடக் குறையல. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

மறுநாளே நானும் மனைவியும் உக்காந்து முடிவெடுத்தோம். இஎம்ஐக்கு மேல, கிட்டத்தட்ட அதுல மூணுல ரெண்டு பங்கை மாசாமாசம் கூடுதலா அசலுக்குக் கட்டுறோம். ரெண்டு வருஷமாச்சு. வெளியூர்ப் பயணம் இல்ல, புதுத் துணி இல்ல, வண்டி பழசுதான். அலமாரிக் கதவோட உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கோம். மாசத்துக்கு ஒரு கட்டம், கட்டி முடிச்சதும் சிவப்புப் பேனாவால அடிப்போம். இப்படியே போனா இன்னும் 5 வருஷத்துக்குள்ள கடன் முடிஞ்சிடும். அந்தத் தாளைப் பாக்குறப்பல்லாம் எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

போன வாரம் சாப்பிடுறப்போ கவனிச்சேன். மனைவி வலது பக்கமாவே மென்னுக்கிட்டிருந்தா. கேட்டா, இடது கடைவாய்ப் பல்லு ஆறு மாசமா வலிக்குதாம். "லோன் கொஞ்சம் குறையட்டும்னு பாத்தேன்"னு சொன்னா. டாக்டர்கிட்ட போனோம். ஆரம்பத்துலயே வந்திருந்தா சொத்தையைச் சுரண்டிட்டு அடைச்சிருக்கலாமாம். இப்ப வேர் சிகிச்சை செஞ்சு மேல கேப் போடணும்.

செலவு பெருசில்ல. ஆனா என்கிட்ட சொல்லாம ஆறு மாசம் வலியைப் பொறுத்திருக்கா. நான் அடைச்ச கடன்ல அவளோட வலியும் சேந்திருக்குன்னு நெனச்சா மனசு ஆறல. வேகத்தைக் குறைக்கலாமா? குறைச்சா மறுபடி அந்த வட்டிச் சுழல்லயே மாட்டிக்குவோமோன்னு பயமாவும் இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வாசற்படி:

தம்பி, வேகத்தைக் குறைக்காதீங்க. வாடகை வீடு வாடகை வீடா ஏழு தடவை சாமான் கட்டினவன் நான். கடனில்லாத வீட்டுல வர்ற தூக்கம் வேற. வீட்டம்மாவுக்கு வைத்தியம் பாருங்க, அதுல கஞ்சத்தனம் கூடவே கூடாது. மத்தபடி 5 வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடுங்க.

பேரேடு:

வாசற்படி அண்ணா சொல்ற தூக்கம் எனக்கும் புரியுது. ஆனா "பல்லைக் கடிச்சுக்கிட்டு" இருந்ததாலதானே அவங்க இந்த நிலைமைக்கு வந்தாங்க? நான் கணக்கு வேலை பாக்குறவ, உங்க எண்களை வச்சே போட்டுப் பாத்தேன்.

9 சதவீதம், 20 வருஷம்னா முதல் மாச இஎம்ஐயில ஆறுல அஞ்சு பங்கு வட்டிக்கே போயிடும். சும்மா இஎம்ஐ மட்டும் கட்டினா அசல் பாதியாகவே சுமார் 14 வருஷம் ஆகும். அதனால நீங்க அன்னைக்குப் பயந்தது நியாயம். ஆனா அந்த மோசமான கட்டத்தை நீங்க தாண்டிட்டீங்க. எடுத்த கடன்ல இப்ப சுமார் 70 சதவீதம்தான் பாக்கி இருக்கும்.

இப்ப முக்கியமானது இதுதான். கூடுதலா கட்டுறதைச் சரிபாதியா குறைச்சா என்ன ஆகும்? 5 வருஷத்துக்குள்ள முடியறது ஆறரை வருஷத்துல முடியும். ஒன்றரை வருஷம்தான் வித்தியாசம். அந்த வருஷங்களுக்கும் வட்டி உண்டு, மறுக்கல. ஆனா மறுபடி சுழல்ல விழுந்துடுவோம்ங்கிற பயத்துக்கு இடமே இல்ல. அந்த ஒன்றரை வருஷத்துக்கு ஈடா உங்க குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்னு ரெண்டு பேரும் சேந்து எழுதிப் பாருங்க.

எதைத் தள்ளிப்போடலாம், எதைக் கூடாதுன்னு பிரிச்சுக்குங்க தம்பி. சோபா காத்திருக்கும், வண்டி காத்திருக்கும். பல்லு, கண்ணு, கூரை ஒழுக்கு இதெல்லாம் காத்திருக்காது, அதுக்கும் வட்டி ஏறும். குழந்தை இருந்தா அதோட வயசும் காத்திருக்காது.

ஒரு விஷயம் உறுதிப்படுத்திக்குங்க: கூடுதலா கட்டுறப்போ காலத்தைக் குறைக்கச் சொல்லுங்க, இஎம்ஐயைக் குறைக்க விடாதீங்க. நிலையான வட்டின்னா முன்கூட்டிக் கட்ட அபராதம் இருக்கான்னு ஒப்பந்தத்துல பாருங்க.

நடுவழி:

யாரும் சொல்லாத ஒண்ணை நான் சொல்றேன். நானும் உங்களை மாதிரியே கையில இருந்ததையெல்லாம் கடன்ல கொண்டுபோய்ப் போட்டேன். அசல் பாதிக்குக் கீழ வந்துச்சு. அப்ப வேலை போச்சு. ஏழு மாசம் வருமானமே இல்ல. இவ்வளவு முன்கூட்டிக் கட்டியிருக்கேனே, ஆறு மாசம் பொறுத்துக்கங்கன்னு வங்கியில கேட்டேன். அடுத்த தவணை அடுத்த மாசம் வந்தே ஆகணும்னுட்டாங்க. முன்னாடி கட்டினது அசலைக் குறைச்சது, தவணையைத் தள்ளிவைக்கல. சுவத்துக்குள்ள போன பணத்தை என்னால வெளிய எடுக்க முடியல. கடைசியில தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட கைமாத்து வாங்கித்தான் கட்டினேன். அவர் முகம் சுளிக்கல, ஆனாலும் அந்த மாசங்களை நான் மறக்கல.

அதனால முதல்ல ஆறு மாச வீட்டுச் செலவும் இஎம்ஐயும் தனியா வைங்க, அதைத் தொடாதீங்க. சில வங்கிகள்ல வீட்டுக் கடனோட இணைச்ச ஓவர்டிராஃப்ட் கணக்கு தர்றாங்க. அதுல பணம் இருக்குற வரைக்கும் அந்த அளவு கடனுக்கு வட்டி ஏறாது, தேவைப்பட்டா எடுத்துக்கலாம். வட்டி விகிதம் கொஞ்சம் கூட இருக்கலாம், விசாரிச்சுக்குங்க.

மொட்டைமாடி:

மூணு பேருக்கும் நன்றி. நடுவழி அண்ணா, எங்க கையில ரெண்டு மாசத்துக்குத்தான் இருக்கு. உங்க பதிலைப் படிச்சதும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. அதைத்தான் முதல்ல சரிபண்றோம். அது சேர்ற வரைக்கும் கூடுதலா எதுவும் கட்டப்போறதில்ல, அதுக்கப்புறம் பாதி.

பேரேடு அக்கா, நீங்க போட்ட கணக்கை மனைவிகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் எந்திரிச்சுப் போய் அலமாரியைத் திறந்து, ஸ்கேலும் பென்சிலும் எடுத்து, தாளுக்கு அடியில இன்னொரு தாளை ஒட்டி அவளே கட்டம் போட்டா. எண்ணிப் பாத்தேன், 24 இருந்துச்சு. "ஒன்றரை வருஷம்னா 18தானே?"ன்னு கேட்டேன். மிச்சம் ஆறும் நடுவழி அண்ணன் சொன்ன காசுக்குன்னு சொன்னா.

வியாழக்கிழமை அவளுக்கு ரெண்டாவது சிட்டிங். நானும் லீவு போட்டுட்டேன்.