பீஸ் ரேட்டை எதை வைத்துப் போடுகிறார்கள்?

கேள்வி:
எங்கள் தையல் பிரிவில் மணிக்கூலியை எடுத்துவிட்டு பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, மாற்றப்போகிறார்களாம். ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வந்து கணக்கெடுத்தார், அதுவும் எங்களில் கை வேகம் அதிகம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று. அந்த நேரத்தை வைத்தே எல்லாருக்கும் ரேட் போட்டுவிடுவார்களா?

பதில் 1:
அப்படியே போடக் கூடாது. அவர் ஒரு பீஸை 4 நிமிடத்தில் முடிக்கிறார், இயல்பான வேகத்தைவிட அவர் வேகம் 25 சதவீதம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இயல்பான நேரம் 5 நிமிடம். களைப்புக்கும், தண்ணீர் குடிக்க, கழிப்பறை போகவும் 15 சதவீதம் அலவன்ஸ் சேர்த்தால் 5.75 நிமிடம். அதாவது மணிக்குப் பத்துச் சொச்சம் பீஸ். வெறும் ஸ்டாப்வாட்ச் நேரத்தை எடுத்தால் 15. அதே மணிக்கூலியைப் பத்தால் வகுப்பதற்கும் பதினைந்தால் வகுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! அவர் வேகம் இயல்பைவிட எவ்வளவு அதிகம் என்று கணக்கில் எடுத்தார்கள் (இதைத்தான் ரேட்டிங் என்பார்கள்), அலவன்ஸ் எத்தனை சதவீதம், இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

பதில் 2:
மெஷின் பழுது, துணி வராமல் சும்மா உட்காரும் நேரம், இதற்கெல்லாம் யார் கூலி தருவது என்றும் கேளுங்கள். பீஸ் ரேட்டில் அந்த நேரம் சத்தமில்லாமல் தொழிலாளி தலையில் விழுந்துவிடும், எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. இன்னொன்று, எல்லாரும் வேகமெடுத்த பிறகு ரேட்டைக் குறைப்பது. ஸ்டாப்வாட்ச் முறையைப் பரப்பிய அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லரே, தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதற்கு இந்த பயம்தான் காரணம் என்று எழுதியிருக்கிறார். வேலை முறை மாறாமல் ரேட் மாறாது என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மெதுவாகச் செய்கிறவர்களுக்கு ஒரு நாள் கூலிகூட தேறாதே, அதற்கு என்ன வழி?

பதில் 3:
குறைந்தபட்சக் கூலி அதற்குத்தான். எத்தனை பீஸ் செய்தாலும் அதற்குக் கீழே போகாத ஒரு தளம் வேண்டும். அதை அளப்பதே வேறு மாதிரி. 1907-ல் ஆஸ்திரேலியாவில் நீதிபதி ஹிக்கின்ஸ், ஒரு தொழிலாளி குடும்பம் சிக்கனமாகவாவது கௌரவமாக வாழ என்ன ஆகும் என்று வாடகை, உணவு, துணிமணி எல்லாம் விசாரித்து நாளுக்கு 7 ஷில்லிங் என்று முடிவு செய்தார். முதலாளிக்குக் கட்டுபடியாகுமா என்பதை அவர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தளத்தை ஒரு முறை போட்டுவிட்டு விட்டால் விலைவாசி அதைத் தின்றுவிடும். கூலி 5 சதவீதம் ஏறி விலை 8 சதவீதம் ஏறினால் உங்களுக்கு நஷ்டம்தான், அதனால் தளத்தோடு பீஸ் ரேட்டையும் விலைவாசிக் குறியீட்டோடு சேர்த்து ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.