புறவாசலில் உட்கார ஓர் இடம்: எங்கே, எப்படி அமைப்பது?

பாளை டீச்சர்

வணக்கம். பாளையங்கோட்டையில் எங்களுக்குச் சொந்த வீடு. தெற்குப் பார்த்த வாசல், ஆகவே புறவாசல் வடக்கே. கிழக்கு மேற்காக 30 அடி, வடக்கு தெற்காக 26 அடி. வரும் மே மாதத்தோடு எனக்குப் பணி ஓய்வு. அதற்குள் இந்த இடத்தை மனிதர் உட்காரும்படி ஆக்கிவிட வேண்டும் என்று வீட்டில் ஒருமனதாக முடிவாயிற்று. அந்த ஒற்றுமை அன்றோடு சரி.

மகன் பெங்களூரிலிருந்து தினமும் படம் அனுப்புகிறான். மரப்பலகைத் தளம், நடுவில் நெருப்புக் குழி, சுற்றிலும் வெள்ளை மெத்தை. பாளையங்கோட்டையில் சித்திரை மாதத்தில் நெருப்பைச் சுற்றி உட்காரப் போவது யார் என்று கேட்டேன். பதில் இல்லை. என் கணவருக்கு நட்டநடுவில் எண்கோண மண்டபமும் அதைச் சுற்றிப் புல்தரையும் வேண்டும். கொத்தனாரோ, ஓரடிக்கு மண்ணடித்து உயர்த்தி முழுவதும் டைல்ஸ் ஒட்டிவிட்டால் கூட்டித் துடைக்க எளிது என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

நான் கேட்பது கொஞ்சம்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் காபியோடு உட்கார ஒரு நிழல். கீரை ஆய, வெங்காயம் உரிக்க, பேத்தி வந்தால் பத்தமடைப் பாயை விரித்துப் படுத்துக்கொள்ள ஓர் இடம். 84 வயது மாமனார் வாக்கர் பிடித்து நடக்கிறார். பின்வாசல் நிலையில் நின்றபடி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே இரண்டு படி, மொத்தம் ஓரடி உயரம், இறங்க முடியாது. அவரும் வெளியே வந்து உட்கார வேண்டும். வற்றல், மிளகாய் காயப்போடும் இடத்தையும் அங்கணத்தையும் துவைகல்லையும் யாரும் தொடக் கூடாது. அவை இல்லாத புறவாசல் எனக்குத் தேவையில்லை.

இப்போது அங்கே இருப்பவை: வடகிழக்கில் பெரிய வேம்பு. வடமேற்கில் முருங்கை. கழிவுநீர்த் தொட்டி நடுவிலிருந்து சற்று மேற்கே தள்ளி, அதாவது மண்டபம் வரவேண்டிய அதே இடத்தில். பின்வாசல் நடுவில்; அதற்குக் கிழக்கே அடுக்களைச் சன்னலும் அங்கணமும். மேற்கே மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலடிச் சந்து தெருவரை போகிறது. மேற்கு மனை காலியாகக் கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் புறவாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, அந்தச் சந்து வழியாகத்தான் வடிந்தது.

செலவுக்கு அஞ்சவில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் துணி காயப்போடும் கொட்டகையாக மாறப்போகிற ஒன்றுக்குப் பணம் கொடுக்க மாட்டேன்.

---

தென்காசி ஓவர்சியர்

டீச்சர், டைல்ஸ் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் பிறகு போகலாம். முதலில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அதன்பின் ஆவணி பாதிவரை நண்பகல் வெயில் வடக்கேதான் சாய்ந்திருக்கும். அப்போது வீட்டின் நிழல் உங்கள் முன்வாசலில் விழும், புறவாசலில் விழாது. மார்கழியில் இதற்கு நேர்மாறு. கைப்பிடிச் சுவர் உச்சி 13 அடி என்று வைத்துக்கொண்டால் நண்பகலில் எட்டடிக்கு நிழல் கிடக்கும். நிழல் வேண்டிய காலத்தில் வீடு தராது, வேண்டாத காலத்தில் தாராளமாகத் தரும். வடக்குப் பக்கம் என்றால் எப்போதும் குளிர்ச்சி என்று யாராவது சொன்னால், அது தில்லிக்குப் பொருந்தும் பேச்சு. கடக ரேகைக்கு அப்பால் நண்பகல் சூரியன் வடக்கே வருவதில்லை.

இனி மாலை வெயில். ஆனி மாதத்தில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி மறைகிறது. ஆக, உங்கள் ஐந்து மணிக் காபிக்கு வெயில் வடமேற்கு மூலையிலிருந்து வந்து முகத்தில் அடிக்கும். காற்றோ எங்கள் செங்கோட்டைக் கணவாயில் புகுந்து மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. இரண்டுக்கும் மூலை வேறு. உங்களுக்கு இது பெரிய அதிர்ஷ்டம். மேற்குச் சந்தின் வாயை அடைக்காமல் வடமேற்கை மட்டும் மறைத்தால் காற்று வரும், வெயில் வராது. அந்தச் சந்து இப்போதே காற்றை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும், ஆடியில் நின்று பாருங்கள்.

அதனால் இடம் நடு முற்றம் அல்ல. பின்வாசலை ஒட்டி மேற்குப் பாதியில், சுவரோடு சேர்த்து 14 அடி நீளம், 8 அடி அகலத்துக்கு ஒரு மேடை கட்டுங்கள். வீட்டுத் தரைக்கு ஓர் அங்குலம் மட்டும் தாழ்வாக இருக்கட்டும், மழைச்சாரல் உள்ளே ஏறாது. மாமனார் வாக்கரோடு படியே இல்லாமல் வந்துவிடுவார். மண்ணடித்து உயர்த்தும் ஆசை கொத்தனாருக்கு இருந்தால் இந்த ஒரு துண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். புறவாசல் முழுவதையும் ஓரடி உயர்த்தினால் அடுத்த வெள்ளத்தின்போது தண்ணீருக்கு இரண்டே வழிதான்: உங்கள் பின்வாசல், அல்லது பக்கத்து மனை. அந்த 2023 டிசம்பரில் 17ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்த பிறகும் இப்படிப் பேசுகிற கொத்தனாரை என்ன சொல்வது!

மேடையின் வடக்கு ஓரத்தில் ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி அகலத்துக்கு அரைத் திண்ணை கட்டுங்கள். உட்கார அதுவே போதும். வாக்கர் விளிம்பைத் தாண்டாமல் தடுக்கும் வேலையையும் அது பார்த்துக்கொள்ளும். முதியவர்கள் அதைவிடத் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள். வெள்ளை மெத்தை எல்லாம் நம் ஊர்ப் புழுதிக்கு ஒரு வாரம் தாங்காது.

மேலே சீமை ஓடு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நல்ல சாய்வு வேண்டும். எட்டடிக்கு மூன்றரை அடிக்கு மேல் இறக்கம் கொடுக்காவிட்டால் காற்றோடு வரும் மழை ஓட்டுக்கு அடியில் புகுந்துவிடும். அவ்வளவு இறக்கினால் முன்விளிம்பு தலையில் இடிக்கும். எனவே மேடைக்கு மேல் தகடு போடுங்கள், ஓரடி இறக்கம் போதும். அதன் அடியில் மூங்கில் தட்டியோ பனையோலைத் தட்டியோ வைத்தால் வெக்கை இறங்காது. கல்நார்த் தகடு மலிவு என்று யாராவது கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். தூணுக்கு இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் அவசியம். ஆடிக் காற்று தகட்டை மேலே தூக்கத்தான் பார்க்கும். மேடைக்கு அப்பால் ஏழெட்டு அடிக்கு இரும்புக் குழாயில் திறந்த பந்தல், மேலே கொடி. கொடியைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கழிவுநீர்த் தொட்டி மேல் ஒன்றும் கட்டக் கூடாது. எங்கள் தெருவில் ஒருவர் மூடியின் மேலேயே அழகாகக் கல் பதித்தார். லாரி வந்த அன்று எந்தக் கல்லுக்குக் கீழே மூடி என்று தெரியாமல் கடப்பாரையால் வரிசையாக உடைத்தார்கள். உங்கள் சார் கேட்கும் மண்டபத்துக்கும் இதுதான் பதில்.

தரையில் நடக்கிற தடம் மட்டும் கெட்டியாக இருக்கட்டும், மீதி மண்ணாகவே இருக்கட்டும். பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். பொளிந்த கருங்கல் பலகை நல்லது. வாக்கர் போகிற தடத்தில் கல் இடுக்குகூட ஆகாது. அங்கே கான்கிரீட் போட்டு, ஈரம் காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். எல்லாத் தளமும் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் மேற்கு மதிலை நோக்கிச் சாயட்டும். மதிலோரம் ஓரடி அகலத்தில் வாய்க்கால், அது சந்துக்குப் போகட்டும். வாய்க்காலின் வழியில், தொட்டிக்கு எட்டத்தில், மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி தோண்டிக் கருங்கல் ஜல்லி நிரப்புங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் சட்டப்படியே கட்டாயம்; பல வீடுகளில் அது குழாய்த் துண்டோடு நின்றுவிட்டது.

---

மதுரைத் தோட்டக்காரி

ஓவர்சியர் ஐயா சொன்ன பந்தலுக்குக் கொடி. அக்கா, ஆடிப்பட்டம் என்று பழக்கத்தில் அவரையும் புடலையும் விதைத்துவிடாதீர்கள். அவை பந்தலை மூடும்போது ஐப்பசி வந்துவிடும், உங்களுக்கு அப்போது வெயில்தான் தேவைப்படும். உங்களுக்கு நிழல் வேண்டியது சித்திரையிலிருந்து ஆவணிவரை. அதற்குத் தையில் பீர்க்கு போடுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் கோவை. ஒரு தண்டை நட்டால் போதும், பிறகு நீங்கள் வேண்டாம் என்றாலும் விடாது. காயும் அடுக்களைக்கு ஆகும். புரட்டாசி கடைசியில் நன்றாகக் கவாத்து செய்துவிட்டால் மழைக்காலத்தில் வெளிச்சம் வரும், தையில் திரும்பத் துளிர்க்கும். பூ வேண்டுமென்றால் இரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து மறுநாள் சிவக்கும், மணமும் உண்டு. ஆனால் கனமாகப் படரும், பந்தல் குழாய் மெலிதாக இருந்தால் வளைத்துவிடும்.

முருங்கையின் கீழ் யாரையும் உட்காரவைக்க வேண்டாம். கிளை பலமில்லாதது, காற்றுக்கு முறியும். மழை முடிந்தால் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி. மேலே பாதியை வெட்டிக் குட்டையாக வைத்திருங்கள். வடமேற்கு வெயிலை மறைக்க அதற்கு முன்னால் நொச்சியை வேலியாக நடலாம். அடர்த்தியாக வளரும், ஆடு மாடு கடிக்காது, கொசுவுக்குப் புகை போட இலையும் கிடைக்கும்.

வேம்பு ஒரு மாதிரியான தோழி. பங்குனி, சித்திரையில் பூ உதிர்க்கும், அதைத் துணி விரித்துப் பிடித்துக்கொள்வீர்கள். ஆனி, ஆடியில் பழம் கொட்டும். அதன் அடியில் போட்ட நாற்காலி, பாய் எல்லாம் பிசுபிசுக்கும், காக்கையும் மைனாவும் தங்கள் பங்கைச் சேர்க்கும். மரத்தடியில் நிரந்தரமாக எதுவும் கட்டாமல், தூக்கி வைக்கிற மர நாற்காலி இரண்டு போதும். அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் பூச யாரையும் விடாதீர்கள்.

புல்தரை வேண்டும் என்கிற அண்ணனிடம் ஒரு வார்த்தை: கோடையில் தினமும் தண்ணீர் ஊற்றவும் வாரந்தோறும் வெட்டவும் அவரே ஒப்புக்கொண்டால் பத்துக்குப் பத்தடி கொடுங்கள். அங்கணத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடுங்கள், தேங்காமல் உறிஞ்சிக்கொள்ளும்.

---

வயர்மேன் 63

கொசுவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். தொட்டிச் செடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். துவைகல் பக்கத்துத் தொட்டியை வாரம் ஒருமுறை காலிசெய்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் உயிரோடு இருக்கும். மேடையில் சுவர் மின்விசிறி ஒன்று மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும், கொசு காற்றை எதிர்த்துப் பறக்காது. விளக்கு மஞ்சளாக இருக்கட்டும், வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும். வெளியே போகிற இணைப்பு எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பு ஸ்விட்ச் கட்டாயம். ஈரத் தரை, வெறுங்கால், முதியவர். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

---

ஈசானியம்

வடகிழக்கு மூலையில் பாரம் இருக்கக் கூடாது என்பது சாஸ்திரம். வேப்பமரத்தை எடுத்துவிட்டு அங்கே நீர்நிலை வைத்தால் குடும்பத்துக்கு நல்லது.

---

பாளை டீச்சர்

ஈசானியம் அவர்களுக்கு: அந்த மரம் என் மாமியார் நட்டது. அதன் நிழலில்தான் மூன்று பிள்ளைகளுக்கும் கல்யாணப் பலகாரம் சுட்டோம். குடும்பம் நன்றாகவே இருக்கிறது.

ஓவர்சியர் அண்ணாச்சி, உங்கள் பதிலைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். கழிவுநீர்த் தொட்டி வரும் இடத்தில் மண்டபம் அமைதியாக விடைபெற்றது. புல்தரைக்குப் பத்தடி கேட்டிருக்கிறார். தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் எழுதி வாங்கிக்கொண்டேன். கொத்தனார் முகம்தான் வாடிவிட்டது.

ஒரு சிக்கல். மாமனாருக்கு மேடை போதாதாம், வேப்பமரம்வரை தானே நடந்து போக வேண்டுமாம். ஓரடி உயரத்துக்குச் சரிவுப் பாதை எத்தனை அடி நீளம் வேண்டும்? கொத்தனார் நாலடியில் முடித்துவிடலாம் என்கிறார். அரைத் திண்ணை குறுக்கே நிற்குமே, அதை எங்கே விடுவது?

---

தென்காசி ஓவர்சியர்

நாலடி என்றால் அது சறுக்கு மரம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும், ஆகவே பன்னிரண்டு அடி. அரைத் திண்ணையைக் கிழக்கு முனையில், பின்வாசலுக்கு நேரே நாலடி திறந்து விடுங்கள். அங்கிருந்து நேர் வடக்கே பன்னிரண்டு அடி இறக்கி, தரைக்கு வந்ததும் ஐந்தடிச் சதுரத்துக்குச் சமதளம், பிறகு கிழக்கே வேம்பை நோக்கித் திருப்புங்கள். தொட்டி மேற்கே இருப்பதால் இடிக்காது. இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய், ஒன்றரை அங்குல விட்டம், கை பற்றுவதற்கு அதுதான் சரி. பாதையின் ஓரங்களில் மூன்று அங்குல வரம்பு கட்டுங்கள், வாக்கரின் கால் வெளியே நழுவாது. மாலையில் மேடையிலிருந்து இறங்குகையில் வெயில் கண்ணில் படாதபடி நொச்சி வேலி வளரும்வரை வடமேற்கில் பச்சை வலை ஒன்று கட்டிவைக்கலாம்.

கொத்தனாருக்கு முகம் வாடினால் வாய்க்காலையும் குழியையும் அவர் பொறுப்பில் கொடுங்கள், வேலை போதுமான அளவு இருக்கிறது. கான்கிரீட் போட்ட பிறகு ஒரு வாரமாவது சாக்கு விரித்து நனைத்து வைக்க வேண்டும். அதுவரை பெரியவரை உள்ளே பிடித்து வைப்பது உங்கள் பாடு.